கார்மேல் மட்டும் பெய்த மழை

கோடாங்கிநத்தத்தில் மழை பெய்து மூன்று வருஷம் முழுசாக முடிந்து, நாலாவது வருஷத்து ஆவணியும் வெறும் புழுதியாகப் பிறந்தபோது, ஊரிலிருந்த ஒரே காரின் வைப்பருக்கு மாதச் சந்தா கட்டுவதை வெயிலுமுத்து நிறுத்தினான். நிறுத்திய மறுநாள் காலையிலிருந்து அந்தக் காரின்மேல் மட்டும் மழை பெய்யத் தொடங்கியது. ஏன் பெய்தது என்று கேட்டவர்கள் அந்த ஊரில் குறைவு. பெய்யாமல் போனபோது ஏன் பெய்யவில்லை என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன ஜனங்கள் அவர்கள். பெய்கிறபோதும் அதையே கேட்டுக்கொண்டு நிற்க அவர்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கவில்லை.

கார் அவன் காசு போட்டு வாங்கியதல்ல. விருதுநகர்ப் பக்கம் ஒரு பஞ்சு மில் முதலாளிக்கு இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டினான் வெயிலுமுத்து. மில்லை விற்றுவிட்டு மகளோடு வெளிநாட்டில் இருக்கப் போன முதலாளி, கடைசி நாளில் அவனைக் கூப்பிட்டு, "உனக்குத் தரவேண்டியதுக்கு இத வச்சுக்கோ வெயிலு" என்று தன்னுடைய வெள்ளைக் காரை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். அந்தக் காருக்குச் சாவி கிடையாது. வெயிலுமுத்துவின் கட்டைவிரலைப் பதிந்து வைத்திருந்தார்கள். அந்த விரல் பட்டால்தான் கிளம்பும், அவன் உட்கார்ந்திருந்தால்தான் நகரும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று அவனும் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். பார்த்திருந்தால் அந்த மாட்டின் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக மாத வாடகை உண்டு என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

குளிர்க்காற்றுக்கு ஒரு சந்தா. பின்கதவுக் கண்ணாடி இறங்குவதற்கு ஒரு சந்தா. ரிவர்ஸ் எடுக்கிறபோது பின்னால் என்ன இருக்கிறது என்று படம் காட்டுவதற்கு ஒரு சந்தா. எல்லாம் காருக்குள்ளேயே இருக்கிறது, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, ஆனால் போனில் பணம் கட்டினால்தான் இருக்கிறதாக அர்த்தம். டீக்கடையில் இதைச் சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. "யானைய வித்துட்டு அங்குசத்துக்கு மாசாமாசம் வாடகை கேக்கான்" என்றார் ஒருவர். "நாளைக்குப் பிரேக்குக்கும் கேப்பான், அப்ப எங்க வீட்டுச் செவத்துல வந்து நிறுத்திறாதப்பா" என்றார் இன்னொருவர். வெயிலுமுத்துவும் சேர்ந்து சிரித்தான். பிறகு வீட்டுக்கு வந்து, எதையெல்லாம் நிறுத்தலாம் என்று மனைவி சீனியம்மாளோடு உட்கார்ந்து யோசித்தான். குளிர்க்காற்றை நிறுத்தினார்கள். கண்ணாடியை நிறுத்தினார்கள். காரை மட்டும் நிறுத்த முடியாது, ஏனென்றால் அது சீனியம்மாளுக்காக ஓடுகிற கார்.

சீனியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் சனியும் காலை ஏழு மணிக்கு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று ஒரு மிஷின் நாலு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அறுபது கிலோமீட்டர். பஸ்ஸை நம்பினால் ஏழு மணிக்குப் போய்ச் சேர முடியாது. ஏழைத் தாண்டினால் மிஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்குத் தண்ணீரும் அளவுதான். குழம்பு, காப்பி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதற்குமேல் ஒரு மடக்குக் குடித்தாலும் அது உடம்பிலிருந்து இறங்க வழியில்லாமல் நெஞ்சில் போய் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அளந்து கொடுப்பது வெயிலுமுத்துவின் வேலை. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தான். அவள் நாள் பூராவும் தாகத்தோடு இருந்தாள், அதைப் பற்றி அதிகம் பேசவும் மாட்டாள்.

ஆவணியில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தேன் ஒழுகுகிற குரல்.

"சார், உங்க வைப்பர் பேக் இன்னையோட முடியுது. தொடரலாமா சார்?"

"எங்க ஊருல மழை பெஞ்சு மூணு வருசம் ஆச்சும்மா. காஞ்ச கண்ணாடிய என்னத்தத் தொடைக்க?"

"அப்ப நிறுத்திரலாமா சார்? நிறுத்தினா அதனால வர்ற அசௌகரியத்துக்குக் கம்பெனி பொறுப்பாகாது சார்."

"என்ன பெருசா வந்துறப் போகுது. நிறுத்தும்மா."

அவன் அப்படிச் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. மழையில்லாத ஊரில் எந்தப் புத்தியுள்ளவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிகாலையில் சீனியம்மாளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினான். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. காக்கை எச்சம் என்று நினைத்தான். இன்னொரு சொட்டு, பிறகு பத்து, பிறகு கொட்டு கொட்டென்று கொட்டியது. வானத்தில் மேகம் என்று சொல்ல ஒரு துணுக்குக் கூட இல்லை. இரண்டு பக்கமும் ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்குப் பெய்துகொண்டு, கார் போனால் கூடவே வந்து, கார் நின்றால் அதன்மேலேயே நின்று பெய்தது மழை. வைப்பர் தன் இடத்தில் படுத்தே கிடந்தது. தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். கல்லுப்பட்டிக்கு இந்தப் பக்கமே ஒரு லாரியின் பின்பக்கத்தில் மோத இருந்து, சீனியம்மாள் போட்ட சத்தத்தில் பிரேக் போட்டுப் பள்ளத்தில் இறங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. அன்றைக்கு ஒரு நோயாளி வராமல் போயிருந்ததால் எப்படியோ மிஷின் கிடைத்தது. இந்தக் காரில் இனி இப்படி வர முடியாது என்பது அவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அங்கிருந்தே கம்பெனிக்குப் போன் செய்தான். பணத்தைக் கட்டிவிடுகிறேன், வைப்பரைத் திறந்துவிடு என்றான். "தாராளமா சார். ஆனா நிறுத்தித் திரும்பச் சேர்றவங்களுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் சார். நடுவுல நிறுத்த முடியாது." சரி, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கட்டுகிறேன் என்று வைத்தான். அங்கேயே கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஊருக்கு வந்ததும் அலுப்பில் பணம் கட்டுவதை மறந்து, காரை வழக்கம்போல வீட்டோரம் நிறுத்தினான். அந்த இடத்தை ஒட்டியிருந்தது ராக்கம்மாளின் கொல்லை. புருஷன் செத்தபின் ஒற்றையாளாக நின்று பாடுபடுகிறவள். மூன்று வருஷமாகப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அவளுடைய கரிசல் மறுநாள் காலையில் பார்த்தபோது வாய் மூடி, கறுத்து, மினுமினுத்துக் கிடந்தது. எங்கேயிருந்தோ தவளை கத்தியது. ராக்கம்மாள் மண்ணை அள்ளி மோந்து பார்த்தாள். பிறகு நேராக வந்து வெயிலுமுத்துவின் முன்னால் நின்று, "தம்பி, வைப்பருக்குப் பணம் கட்டிட்டியா?" என்றாள்.

"இனிமேத்தான் மதினி."

"கட்டிறாதப்பா, கட்டினா இந்த மழையும் நின்னுரும்" என்றாள். கும்பிட்டுச் சொன்னாள்.

அரைமணி நேரத்தில் ஊரே அங்கே நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் தவசிலிங்கம் குடையோடு வந்தார்; மூன்று வருஷமாக விரிக்காத குடை, விரித்ததும் பாதிக் கம்பி ஒடிந்து விழுந்தது. அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மழை எவ்வளவு தூரம் விழுகிறது என்று காலடியால் அளந்து பார்த்தார். கண்மாய்க்குள் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று ஒருவர் சொல்ல, நூற்றைம்பது ஏக்கர்க் கண்மாய் இதில் என்றைக்கு நிரம்ப என்று இன்னொருவர் சொல்ல, கடைசியில் வெயிலுகந்தம்மன் கோயில் முன்னால் கூடி, பழைய வழக்கப்படி முறை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

முறை என்பது அந்த ஊருக்குப் புதுசு அல்ல. கண்மாயில் தண்ணீர் இருந்த காலத்தில் எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதற்கு அவர்கள் வைத்திருந்த சட்டம் அது. நிலம் இருக்கிறவனுக்கு முறை. நிலம் இல்லாதவனுக்கு இல்லை. முறைக்காரன் தன் வாயால் போதும் என்று சொன்னால்தான் மடை மாறும். அதுவரைக்கும் சாமியே வந்தாலும் மாற்றக் கூடாது. தேவைக்குமேல் நிறுத்தி வைத்துக்கொண்டவன் என்று அந்த ஊரில் ஒருத்தன் பெயரும் கிடையாது. முறைக்காரன்தான் அன்றைக்கு ஊர்க்காரியத்தைப் பார்க்க வேண்டும். சாமிக்கு விளக்குப் போடுவதிலிருந்து செத்த மாட்டைத் தூக்கிப்போடுவது வரைக்கும் அவன் பொறுப்பு. தண்ணீரை அனுபவிக்கிறவன் ஊருக்கு உழைக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு, நியாயமான ஏற்பாடுதான்.

"எல்லாஞ் சரி அண்ணாச்சி, சீனிய யாரு மதுரைக்குக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டான் வெயிலுமுத்து.

"இது ஒரு கேள்வியா வெயிலு? செவ்வாயும் சனியும் யாருக்கு முறையோ அவன் பொறுப்பு. ஊரு பொறுப்பு" என்றார் தவசிலிங்கம்.

வெயிலுமுத்து மனைவியைப் பார்த்தான். அவள் கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தூரத்தில் கார்மேல் பெய்கிற மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளாம எடுக்கட்டும் மாமா. எல்லாரும் புள்ளகுட்டிக்காரவுக" என்றாள்.

பூசாரி தரையில் சூடத்தை ஏற்றினார். அறுப்பு முடிகிற வரைக்கும் சந்தா கட்டமாட்டேன் என்று சொல்லி வெயிலுமுத்து உள்ளங்கையால் சூடத்தை அணைத்தான். முறைக்காரன் சீனியம்மாளை மதுரைக்குச் சேர்ப்பான் என்று சொல்லி ஊருக்காகத் தவசிலிங்கம் அணைத்தார். சூடத்தை அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினவன் கோடாங்கிநத்தத்தில் பிறக்கவில்லை. அன்றைக்குச் செய்த இரண்டு சத்தியத்தையும் கடைசிவரைக்கும் யாரும் மீறவில்லை.

பிறகு அந்த ஊர் மழையோடு பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். பத்தே நாளில் அது மாடு கட்டுவது, குப்பை அள்ளுவது போல ஒரு வேலையாகிவிட்டது. வெயிலுமுத்து விரலை வைத்துக் காரைக் கிளப்பி, வரப்போரப் பாதையில் எருமை நடக்கிற வேகத்தில் போவதும் வருவதுமாக இருப்பான். இரண்டு பக்கமும் பந்தல் அகலத்துக்கு நிலம் நனையும். நனைந்தவரைக்கும் பார்த்துவிட்டு நிலத்துக்காரன் கையைத் தூக்கிப் போதும் என்பான். அடுத்த நிலத்துக்காரன் சேற்றில் பலகை போட்டு வைத்துக் காத்திருப்பான். டீசல் ஊர்ச் செலவு. பெண்கள் துணி மூட்டையோடு காருக்குப் பின்னாலேயே நடந்து, துவைத்து, மழையைத் தாண்டிப் போய்க் காயப்போட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, முகூர்த்த நேரத்தில் மட்டும் காரை நாலு தெரு தள்ளி நிறுத்தச் சொல்லி வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனார்கள். வேளாண்மை அதிகாரி வந்து காரையும் பார்த்து, வானத்தையும் பார்த்து, நோட்டில் 'ஆங்காங்கே மிதமான மழை' என்று எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு நாளைக்குக் காரைக் கேட்டு வந்தபோது, சத்தியம் எங்கள் எல்லைக்குள்தான் என்று தவசிலிங்கம் கையை விரித்தார். அவர்கள் பொறாமையோடு திரும்பிப் போய், தங்கள் ஊரில் எவனாவது இந்த மாதிரிக் கார் வாங்குவானா என்று விசாரித்தார்கள்.

ஐப்பசி மழையும் அந்த வருஷம் பொய்த்துப் போயிற்று. சுற்றிப் பத்து ஊரும் வெந்து கிடக்க, கோடாங்கிநத்தத்தில் மட்டும் கம்பு இடுப்புக்கு வளர்ந்து நின்றது.

சீனியம்மாளை முதல் மாதம் கையில் வைத்துத் தாங்கினார்கள். முறைக்காரன் விடிவதற்கு முன்னாலேயே லோடு ஆட்டோவில் மெத்தை விரித்துக்கொண்டு வந்து நின்றான். கூடப் போகப் பெண்களுக்குள் போட்டி. ஆனால் முறை வந்த நாள் என்பது ஒரு சம்சாரிக்கு என்ன நாள் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வரப்பு உடையாமல் பார்க்க வேண்டும், விதைக்க வேண்டும், ஈரம் காய்வதற்குள் களை எடுக்க வேண்டும், வீட்டில் இருக்கிற அத்தனை கையும் வயலில் இருந்தாக வேண்டிய நாள் அது ஒன்றுதான். அந்த நாளில்தான் மதுரைக்கும் போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. செத்த மாட்டைத் தூக்கிப்போட அரைமணி நேரம் போதும், சீனியம்மாளுக்கு ஒரு நாள் பூராவும் வேண்டும் என்பதை அன்றைக்குக் கோயில் முன்னால் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வெயிலுமுத்துவும்தான் நினைக்கவில்லை.

அதனால் இரண்டாவது மாதம் விடிகாலை என்பது விடிந்த பிறகு என்றாயிற்று. முறைக்காரனுக்குப் பதிலாக அவன் மச்சினன் வந்தான், மச்சினனுக்குப் பதிலாக வேலைக்குத் தோதுப்படாத ஒரு கிழவர் வந்தார். ஒரு நாள் பஸ்ஸில் போனாள். ஒரு நாள் கல்லுப்பட்டி வரைக்கும் டிராக்டரில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனாள். மிஷின் நாலு மணி நேரத்துக்குப் பதிலாக மூன்று மணி, இரண்டரை மணி என்று சுருங்கியது. வெயிலுமுத்து கூடப் போக முடியாது. அவன் விரல் இல்லாமல் கார் நகராது, கார் நகராவிட்டால் அன்றைய முறைக்காரனின் பயிர் என்ன ஆவது. சேற்றுக்குள் உட்கார்ந்து, நனைந்த கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டு, அவள் இந்நேரம் திருமங்கலம் தாண்டியிருப்பாள், இந்நேரம் ஊசி குத்தியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். மூன்றுமுறை தவசிலிங்கத்திடம் போய்ச் சொன்னான். ஒவ்வொரு முறையும் அவர் உண்மையாகவே பதறி, முறைக்காரனைக் கூப்பிட்டு ஏசினார், அவனும் உண்மையாகவே தலை குனிந்தான், அடுத்த வாரம் வேறொரு முறைக்காரன்.

அவள் முகம் வீங்கியது. கால் வீங்கி, மெட்டியைச் சோப்புப் போட்டுக் கழற்றினார்கள். அவன் பாட்டில் கோட்டை முக்காலிலிருந்து அரை லிட்டருக்கு இறக்கினான். சாயங்காலங்களில் கார் எந்த நிலத்தில் நிற்கிறதோ அங்கே மெதுவாக நடந்துவந்து, மழை விழுகிற இடத்துக்கு ஓர் அடி வெளியே உட்கார்ந்துகொள்வாள்.

"நனையாத சீனி, தள்ளி இரு."

"நனையல மாமா. சத்தத்தத்தான் கேக்கேன்" என்பாள். "கம்பு நல்லாப் பால் பிடிச்சிருக்குல்ல."

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, முறை தவசிலிங்கத்துக்கே வந்தது. அவர் நிலந்தான் ஊரிலேயே நீளமானது. லோடு ஆட்டோ உரமூட்டை ஏற்றப் போயிருந்தது. திரும்பி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மிஷினில் வேறு ஆள் படுத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் வாருங்கள், ஓர் இடம் பார்த்துத் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். சத்தியம் மீறவில்லை, மதுரைக்குச் சேர்ப்பேன் என்றார், சேர்த்துவிட்டார்.

சாயங்காலம் ஆட்டோவிலிருந்து அவளை இறக்கியபோது, ஏறின மூச்சு இறங்குவதற்குள் அடுத்த மூச்சு வந்துகொண்டிருந்தது. வெயிலுமுத்து போனை எடுத்தான். சந்தா கட்டுகிற பக்கத்தைத் திறந்தான். மாதம் இருநூற்றுச் சொச்சம் ரூபாய், பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும், இப்போதே கிளம்பினால் மதுரையில் எந்த ஆஸ்பத்திரிக் கதவையாவது தட்டலாம். சீனியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சூடத்த அணைச்ச கையி மாமா. இன்னும் இருவது நாளு. கருது முத்திரும்."

"போடி, நீ இல்லாம எனக்கு என்னத்துக்குக் கருது?"

"திங்கக்கெழம போயிக்கிறலாம். எனக்கு ஒண்ணும் செய்யல."

அவன் கேட்டுக்கொண்டான். கேட்டிருக்கக் கூடாது. ஆயிரம் சத்தியம் போனாலும் போகட்டும் என்று அந்தப் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். அமுக்கியிருந்தால் ஊர் அவனைக் காறித் துப்பியிருக்கும், அவள் இருந்திருப்பாள். நல்லவன் என்று பெயர் எடுத்தவனுக்கு அந்தப் பெயரே எமனாக வந்து நிற்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தண்ணீர் கேட்டாள். பாட்டிலில் அன்றைக்கு மிச்சம் இருந்ததில் பாதியை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். குடித்துவிட்டு டம்ளரை நீட்டியபடியே வைத்திருந்தாள். "இன்னும் ஒரு வாயி மாமா." சாயங்காலத்துக்கு வேண்டுமே என்று அவனுக்குப் பயம், நெஞ்சில் போய் நிற்குமே என்று பயம். "போதும் சீனி" என்று டம்ளரை வாங்கி வைத்தான். அவள் சரி என்று தலையை ஆட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சாயங்காலம் அவன் மிச்சத் தண்ணீரோடு எழுப்பியபோது அவள் இல்லை.

ஊர் முழுக்க அழுதது. பொய்யழுகை இல்லை அது. ராக்கம்மாள் தெருவில் புரண்டு அழுதாள், தவசிலிங்கம் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் ஒருவரும் காரைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை, மதுரைக்குப் போக வேண்டிய நேரத்தில், சீமைக்கருவேலக் காட்டை ஒட்டிய மயானத்தில் அவளைப் புதைத்துவிட்டு வந்தார்கள். குழி வெட்டினவர்கள் கடப்பாரை நெளிகிற அளவுக்குத் தரை இறுகிக் கிடந்தது என்றார்கள். ஊரிலேயே மழை படாமல் மிச்சமிருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

புதன்கிழமை தவசிலிங்கம் நாலைந்து பேரோடு வந்து வாசலில் நின்றார்.

"வெயிலு... பயிரு வாடுது. பால் பிடிச்ச பயிரு."

"கட்டமாட்டேன் அண்ணாச்சி, பயப்படாதீக. சத்தியம் சத்தியந்தான்" என்றான் அவன். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நெலம் இருக்கவனுக்குத்தானே முறை. எனக்கும் இப்ப நெலம் இருக்கு."

"உனக்கு ஏதுப்பா நெலம்?"

"ஆறடி. சீனி படுத்திருக்கா."

ராக்கம்மாள்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "விடுங்கய்யா, கொடுங்க" என்றாள். அவனே காரை ஓட்டிக்கொண்டு போனான். மயானத்தில் அவள் தலைமாட்டை ஒட்டி நிறுத்தினான். மழை அவள்மேல் கொட்டியது. இறங்கிப்போய்ப் பக்கத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்தான்.

முதல் நாள் ஊர்க்காரர்கள் தூரத்தில் நின்று கும்பிட்டார்கள். இரண்டாம் நாள் சோறு கொண்டுவந்து கொடுத்து, சாப்பிடச் சொல்லிவிட்டு, காரையும் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் கம்பு ஓரம் வெளுத்தது. டிராக்டரில் கட்டி இழுத்துவிடலாம் என்று ஒரு குரல் எழுந்ததும், முறை நடக்கிறபோது மடையில் கை வைக்கிற வழக்கம் இந்த ஊரில் உண்டா என்று தவசிலிங்கமே அதை அடக்கினார். நாலாம் நாள் ஊர் மொத்தமும் மயானத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் அவனை வையவில்லை. அவர்கள் முறையைக் காத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். வடக்கே கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் கதிர்கள் பால் வற்றிச் சாய்ந்துகொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

மேடு அமுங்கிவிட்டது. சுற்றிலும் தண்ணீர் தேங்கி, தேங்கினது வழிந்து, ஓடையாகச் சீமைக்கருவேலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. மண் இனி ஒரு சொட்டும் குடிக்காது என்பது வெயிலுமுத்துவுக்குத் தெரிந்தது. செத்தவர்களுக்குத் தாகம் கிடையாது என்பதும் முதல் நாளே தெரிந்துதான் இருந்தது.

தவசிலிங்கம் சேற்றில் இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவர் அழுதுகொண்டிருந்தாரா, மழையா என்று சொல்ல முடியாது.

"வெயிலு, நாங்க செஞ்சது பாவந்தான். ஒத்துக்கிறோம். புள்ளைக கஞ்சிக்கு நிக்கும்ப்பா. ஒரே ஒரு வார்த்த. போதும்னு சொல்லு, போதும்."

அவன் அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்தான். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். திறந்தவன் அந்த வார்த்தையைத் தான் கடைசியாக யாரிடம் சொன்னோம் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு, ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.